கணக்கு உதைக்கும் இடம்

பைசாண்டு நகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
ஒரு டாக்டரும் ஒரு மேசையும் மட்டும் உள்ள கிளினிக்கில்
நான் மாத்திரைகளை எண்ணுகிறேன்.
பெயர் ஒஃபேலியா. வேலை: தொலைபேசி எடுப்பது,
பூனைகளை அமுக்கிப் பிடிப்பது, தரை துடைப்பது.
மார்ச்சிலிருந்து இதுவும்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து
கணினியில் கட்டங்கள் போட்டுக் கொடுத்தாள்.
தேதி. விலங்கு. எடை. மருந்து. எத்தனை நாள்.
கடைசியில், மற்றவற்றைவிட அகலமாக: காரணம்.
அதை மட்டும் காலியாக விடாதீர்கள் என்றாள்.
ஏன் என்று கேட்பதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது.

முதல் மாதம் முழுக்க டாக்டர் வாஷிங்டன் எச்செவெரி
நோட்டில் ஒரே சொல்லை எழுதினார். நான் ஏற்றினேன்.
இருமும் நாய்: தொற்று.
தன் வாலைத் தானே கடித்த நாய்: தொற்று.
வயிற்றுப்போக்கு: தொற்று. முயலின் தும்மல்: தொற்று.
எண்பத்திரண்டு கிராம் கிளி ஒன்றுக்கு
'தொற்று?'
அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்திருந்தது.

ஜூனில், மழைக்குப் பயந்து யாரும் வராத ஒரு மதியம்
வரிசைகளைக் கிழமைவாரியாகப் பிரித்தேன்.
திங்கள் மூன்று. செவ்வாய் நான்கு. புதன் இரண்டு.
வியாழன் நான்கு.
வெள்ளி பதினேழு.

கிருமிகளுக்குக் காலண்டர் கிடையாது.
வெள்ளிக்குப் பின்னால் நிற்பது சனி,
பூட்டிய கதவு, எடுக்கப்படாத தொலைபேசி.

தாளை நீட்டினேன்.
மாத்தே குவளையை உறிஞ்சியபடி படித்தார்.
தண்ணீர் தீர்ந்து குழலில் காற்று மட்டும் வந்த பிறகும்
உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.
பிறகு நோட்டைத் திறந்து, முந்தைய நாளின் கடைசி வரியில்,
பன்னிரண்டு கிலோ, இருமல், காய்ச்சல் இல்லை, ஏழு நாள்,
'தொற்று' என்பதை அடித்துவிட்டு எழுதினார்:
பயம்.

அதன் பிறகு அந்தக் கட்டம் வாய் திறந்துகொண்டது.
'அந்த அம்மாள் அழுதார்.'
'சோதனைக்குப் பணமில்லை, மாத்திரைக்கு இருந்தது.'
'போன வருடம் இதே மாதிரி ஒரு பூனைக்குக் கொடுக்கவில்லை. செத்துவிட்டது.'
'தெரியவில்லை.'
'தெரியவில்லை.'
பல்கலைக்கழகத்துப் பெண் தொலைபேசியில் கேட்டாள்,
இதையெல்லாம் எந்த வகையில் சேர்ப்பது?

கனேலா என்ற பூனையின் சிறுநீர் மொந்தெவிதெயோ போய்
ஒரு தாளாகத் திரும்பியது.
எட்டு மருந்துகளின் பெயர். ஏழுக்கு நேரே: கேட்காது.
பழைய அட்டைகளைத் தோண்டினேன்.
ஒன்பது வருடம், பதினொரு தடவை,
பதினொன்றிலும் எங்கள் முத்திரை.
கனேலாவின் வீட்டுக்காரர் கேக் கொண்டுவந்திருந்தார்.
சாப்பிட்டோம். என்ன செய்வது.

ஆகஸ்ட் கணக்கு உதைக்கிறது.
வாங்கியது முந்நூறு. கொடுத்தது இருநூற்று அறுபது.
அலமாரியில் இருபத்தாறு.
டாக்டர் இரண்டு தடவை எண்ணினார்.
எலியாக இருக்கும் என்றார், எலியை நம்பாத குரலில்.

கடைவாய்ப்பல். ஒரு ஞாயிறு இரவு.
பல் மருத்துவரிடம் நாள் கிடைக்க மூன்று வாரம்.
என்னிடம் இருந்தது சாவி.
நான்கு மாத்திரையில் வலி அடங்கியது. நானும் அடங்கினேன்.
மிச்சம் பத்து என் கைப்பையில், சீப்புக்கும் சில்லறைக்கும் நடுவே.
கவுண்டரில் தினமும் நான்தான் சொல்கிறேன்:
மிச்சம் வைத்து அடுத்த தடவைக்குப் பத்திரப்படுத்தாதீர்கள், சென்யோரா.

இன்று டாக்டர் கை கழுவப் போன நேரத்தில்
புதிய வரிசை ஒன்று திறந்தேன்.
விலங்கு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
நாய்களுக்கான எடைமேடையில் ஏறினேன்,
அவற்றைப் போலவே, விருப்பமில்லாமல்.
அறுபத்தொரு கிலோ நானூறு.
காரணம்.
வீடு கட்டிக் குடியிருக்கலாம் போல அகலம் அது.

மணி அடிக்கிறது. வெள்ளிக்கிழமை, ஐந்தே முக்கால்.
முதலில் ஓர் இருமல் உள்ளே வருகிறது,
அதன் பின்னால் ஒரு நாய்.